கேள்வி-பதில்: இது எந்த நாட்டுக் காசு?

கேள்வி: ஈட்டியும் கேடயமுமாக ஒரு பெண், சுற்றி நட்சத்திரங்கள், ‘ஹெல்வெஷியா’ என்ற எழுத்து. 2 ஃபிராங்க், 1964. எந்த நாடு, வெள்ளியா?

பதில்: சுவிட்சர்லாந்து. வெள்ளிதான். 1968 முதல் அதே படத்தோடு செம்பு-நிக்கலில் அடித்தார்கள். வெள்ளி என்றால் 10 கிராம், மற்றது 8.8.

கேள்வி: ‘சிசிசிபி’ என்று போட்ட காசு ஒன்றை ‘மிக அரிது’ என்று சொல்லி 1,500 ரூபாய்க்குத் தந்தார். அப்படி ஒரு நாடே கிடைக்கவில்லையே?

பதில்: சோவியத் யூனியன். அது ரஷ்ய எழுத்து, எஸ்.எஸ்.எஸ்.ஆர் என்று படிக்க வேண்டும். நாடு எதுவென்றே தெரியாமல் 1,500 ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள், விற்றவருக்கு உங்களைப் போன்றவர்தான் மிக அரிது.

கேள்வி: நாகப்பட்டினத்தில் தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடைத்த செப்புக்காசு. ‘வி’யின் இரண்டு கைகளில் ‘ஓ’வும் ‘சி’யும், கீழே 1752. பின்னால் தண்ணீரிலிருந்து எழும் சிங்கம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். லட்சம் போகுமா?

பதில்: போகாது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் டொய்ட் என்ற செப்புச் சில்லறை அது. அந்தச் சிங்கம் நெதர்லாந்தின் ஜீலாந்து மாகாணத்தின் சின்னம், அங்கே அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1658 முதல் 1781 வரை நாகை டச்சுக்காரர்கள் கையில் இருந்ததால் தாத்தா பெட்டியில் கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை. இந்தக் காசு ஏராளமாகக் கிடைக்கிறது. போனால் சில நூறு போயிருக்கும், அதையும் புளி தின்றுவிட்டது. பழைய செம்பின் மேல் படிந்திருக்கும் கறுப்புக்குத்தான் சேகரிப்பவர் காசு கொடுப்பார். இனி எது கிடைத்தாலும் தேய்க்காதீர்கள்!

கேள்வி: வியன்னாவில் ஒரு சந்தையில் மரியா தெரசா வெள்ளி நாணயம், ‘1780-இல் அடித்த அசல்’ என்று சொல்லி 220 யூரோ வாங்கிக்கொண்டார். நண்பர் சிரிக்கிறார். ஏமாந்தேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள், அந்த நண்பரை விடுங்கள். காசில் 1780 என்றுதான் இருக்கிறது, எவரும் நம்புவார். ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசா இறந்தது அந்த வருடம். ஆனால் இந்தக் காசுக்கு எத்தியோப்பியாவிலும் அரபு நாடுகளிலும் அப்படிக் கிராக்கி, அங்குள்ள வியாபாரிகள் படமோ தேதியோ கொஞ்சம் மாறினாலும் வாங்கத் தயங்கியதால் அதே 1780-ஐப் போட்டு வியன்னா, ரோம், லண்டன் என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள், 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாயிலும் அடித்திருக்கிறார்கள், வியன்னா நாணயச்சாலை இன்றும் அடித்து விற்கிறது. இத்தனையும் தெரிந்துகொண்டே ‘அசல் 1780’ என்று கூவி விற்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அச்சில் உள்ள தேதி வேறு, அடித்த தேதி வேறு என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? மறு அச்சுக்கு அன்றைய வெள்ளி விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும்.

போலியா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எடை 28.07 கிராம், அதில் சுத்த வெள்ளி 23.39. விளிம்பில் லத்தீன் எழுத்து புடைத்திருக்க வேண்டும். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து அது காட்டும் எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்குங்கள். சுமார் 2.75 கிராம் காட்டினால் வெள்ளி, 3.3 காட்டினால் பித்தளை. நான் இதைக் கற்றுக்கொண்டது 1873 தேதி போட்ட ஒரு பிரெஞ்சு 5 ஃபிராங்க் வாங்கிய பிறகு. 25 கிராம் இருக்க வேண்டியது, 19 இருந்தது. இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: இரண்டு கிலோ ‘கலவை ஐரோப்பிய நாணயங்கள்’ இணையத்தில் வாங்கினேன். மார்க், லிரா, பெசெட்டா எல்லாம் இருக்கிறது. வங்கியில் மாற்றலாமா?

பதில்: மார்க்கை மட்டும் தனியாகப் பொறுக்குங்கள். ஜெர்மனியின் மத்திய வங்கி காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது, 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. 1948-க்கு முந்தைய ரைக்ஸ்மார்க் செல்லாது. இத்தாலியின் லிராவுக்கு 2011-லும் ஸ்பெயினின் பெசெட்டாவுக்கு 2021-லும் கெடு முடிந்துவிட்டது. கிலோ கணக்கில் விற்பவர் நல்லதை முதலிலேயே எடுத்துக்கொண்டிருப்பார், மறுபடி வாங்காதீர்கள்.