முதலில் பால் அல்ல, சூடு

கேள்வி: காற்றில் கூடு கலைந்து, கண் திறக்காத அணில் குட்டி ஒன்று வாசலில் விழுந்து கிடந்தது. பசிக்குமே என்று சொட்டுக் குழாயில் பசும்பால் புகட்டினேன். மூக்கு வழியாகப் பால் வந்தது. மறுநாள் இறந்துவிட்டது. நான் செய்த தவறு என்ன? இனி இப்படிக் கிடைத்தால் வீட்டிலேயே வளர்க்கலாமா?

பதில்: அந்தக் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் பசிக்குமே என்றுதான் தோன்றும். கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். மூக்கில் பால் வந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்க வாய்ப்புண்டு. அதனால் நிமோனியா வரும். விழுந்த அடியும் காரணமாக இருந்திருக்கலாம். முழுப்பழியையும் உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் எதுவும் புகட்டக் கூடாது. குளிர்ந்த உடம்பில் குடல் சரியாக வேலை செய்யாது. குடித்தது செரிக்காமல் தேங்கும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓர் ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும். பெட்டியை மூடிவிடுங்கள். திறந்து திறந்து பார்ப்பதும் தடவுவதும் நமக்குத்தான் ஆறுதல். அதன் கண்ணுக்கு நாம் தின்ன வந்த மிருகம்.

அப்புறம் தாய். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காயமில்லாத குட்டிக்குச் சூடேறியதும், பாட்டிலோடு பெட்டியைத் திறந்து அதே மரத்தடியில் வைத்து, தள்ளி நின்று காவல் இருங்கள். அணில் பகலில் நடமாடும் பிராணி. பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

வராவிட்டாலோ, பூனை வாய் வைத்திருந்தாலோ, அன்றைக்கே வனவிலங்கு மீட்பு மையத்திடமோ கால்நடை மருத்துவரிடமோ கொடுங்கள். பூனைப்பல் பட்ட துளை ரோமத்துக்குள் தெரியாது; ஆன்டிபயாடிக் தாமதமானால் குட்டி பிழைப்பது கஷ்டம். உங்களை எந்தப் பிராணி கடித்தாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

பறவைக் குஞ்சானால், இறகு முளைத்துத் தத்தித் திரிவது பறக்கப் பழகும் பருவம், விட்டுவிடுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுத்துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது.

வீட்டில் வளர்க்க வேண்டாம். பல நாடுகளில் அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம். அதைவிட, மனிதரை நம்பிப் பழகிய குட்டி வெளியே போய் நாயிடமும் அப்படியே போய் நிற்கும்.

ஒப்படைக்கும்போது எந்த மரத்தடியில் கிடைத்தது என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். தேறியபின் அங்கேயே கொண்டுவந்து விட அது உதவும்.