காற்று நின்றால்தான் அவளுக்குப் பயம்

கேள்வி: எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். 2018இல் கஜா புயல் அடித்தபோது மகளுக்கு ஆறு வயது. நடுராத்திரி காற்று ஓய்ந்ததும், "நின்னுடுச்சு, தூங்கும்மா" என்று அவள் அப்பா படுக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்ததில் ஓட்டுக்கூரை போய்விட்டது. விடியும்வரை கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. மழை கொட்டினால்கூடத் தூங்கிவிடுகிறாள். காற்று சட்டென்று நின்றால் எழுந்து உட்கார்ந்து பள்ளிப் பையைக் கட்டிக்கொள்கிறாள். இது மனநோயா?

பதில்: எடுத்த எடுப்பில் நோய் என்று பெயர் வைக்காதீர்கள். உங்கள் மகள் அன்றைக்குக் கண்ணால் கண்டதைத்தான் நினைவில் வைத்திருக்கிறாள்.

நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. புயலின் நடுவே 'கண்' என்று ஒரு பகுதி உண்டு. அது தலைக்கு மேல் வரும்போது காற்று அடங்கிவிடும். அது நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். நம் கரைக்குக் கிழக்கிலிருந்து வரும் புயலில், முதலில் வடக்கேயிருந்து அடித்த காற்று பிறகு தெற்கேயிருந்து வரும். ஒரு பக்கம் அடி வாங்கி ஆட்டம் கண்ட கூரையும் தென்னையும் இரண்டாவது அடியில் விழும். ஆறு வயதுப் பிள்ளை இதில் எதை எடுத்துக்கொண்டிருக்கும்? அமைதி வந்தால் அடுத்து ஆபத்து, அப்பா சொன்னாலும் நம்பக் கூடாது. இந்த இரண்டைத்தான்.

அதனால் "ஒன்றும் வராது, தூங்கு" என்பதை இனி விட்டுவிடுங்கள். அவளிடம் எடுபடாத வாக்கியம் அது. ஒரு பகல் வேளையில் தாளில் வட்டம் போட்டு, கண் எப்படிக் கடந்துபோகிறது என்று காட்டுங்கள். சாதாரண வடகிழக்குப் பருவமழைக்குக் கண் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். நாகை துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பழக்கலாம். பதின்மூன்று வயதுக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும்.

அந்தப் பையைப் பிடுங்காதீர்கள். டார்ச், குடிநீர், ரேஷன் கார்டு, உடுப்பு என்று வீட்டுக்கே ஒரு பை தயார் செய்யுங்கள். அதன் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். புயல் செய்தியைக் காலையிலும் மாலையிலும் ஒருமுறை சேர்ந்து பார்த்தால் போதும். நாள் முழுக்க டிவி ஓட வேண்டாம், அது பெரியவர்களுக்கே ஆகாது! அன்றைய கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

மழைக்காலம் முடிந்தும் தூக்கம் திரும்பவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள், கெட்ட கனவில் அலறுகிறாள் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சையிலேயே பல பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

அப்புறம், அந்த வட்டத்தை அவள் அப்பாவே போட்டுக் காட்டட்டும். "அன்னிக்கு அது புயலோட கண்ணுன்னு எனக்கும் தெரியலம்மா" என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.