எடுத்த எடுப்பிலேயே முழு நாள் வேண்டாம்

ஏழு மாத லேப்ரடார் நாய், கதவைச் சாத்தினாலே குரைத்துத் தீர்க்கிறது, அடுத்த மாதம் முதல் இரண்டு பேருக்கும் வேலை, ஓசூரில் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டேகேரில் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நாளே பத்து மணி நேரம் வேண்டாம் சார். ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள் என்று விட்டுப் பழக்குங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அதற்கு முன்னால் தடுப்பூசி. ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ எல்லாம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? கென்னல் காஃப் (நாய்களுக்கு வரும் தொற்று இருமல்) ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நாய்கள் கூடும் இடத்தில் சுலபமாகப் பரவுவது அந்த இருமல்தான். முந்தின நாள் போட்டுவிட்டு ஓடினால் பயனில்லை. ஊசி என்றால் சில வார இடைவெளியில் இரண்டாவது டோஸும் வேண்டும், மூக்கில் விடும் மருந்து கிடைத்தால் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும், டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். உண்ணி மருந்தும்.

காலையில் வயிறு முட்டத் தயிர்சோறு கொடுத்துக் காரில் ஏற்றினால் ராயக்கோட்டை ரோடு தாண்டுவதற்குள் சீட் முழுக்க வாந்திதான். கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே, கொஞ்சமாகக் கொடுங்கள். நீங்கள் போர்த்திய பழைய துப்பட்டி ஒன்றைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். வாசலில் கட்டிப்பிடித்துக் கொஞ்சாமல் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள் (இதில் கஷ்டம் நமக்குத்தான்).

சாயங்காலம் வந்ததும் சாப்பிடாமல் தூங்கினால் பயப்பட வேண்டாம், களைப்புதான். மறுநாளும் தட்டைத் தொடவில்லை, இருமலோ பேதியோ இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு டேகேருக்கும் சொல்லிவிடுங்கள்.