சுங்கை சிப்புட்டிலிருந்து பந்தயத் திடலுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் மகள் பொறியியல் படித்து ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய அணியில் வேலைக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தபோது, “ரப்பர் மரத்தில் பால்வெட்டிச் சேர்த்த காசு பணக்காரர் விளையாட்டுக்கா?” என்று சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் கேட்டீர்கள். வரிசையில் பலர் நின்றதால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அன்று உங்கள் மகள் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பள்ளி விவாதத்துக்காக எழுதியது. நடுவில் அடிக்கோல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் 224, வலப்பக்கம் 368. ஃபார்முலா ஒன் பந்தயத்தில், காரின் மாதிரி மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் ஒரு சோதனைக் காலத்துக்கு 320 ஓட்டங்கள் என்பது அடிப்படை அளவு. முதலிடத்தில் இருக்கும் அணிக்கு அதில் 70 விழுக்காடு, பத்தாம் இடத்துக்கு 115 விழுக்காடு. அதைத்தான் பெருக்கி வைத்திருக்கிறாள். பின்தங்கியவனைத் தூக்கிவிடுவது நியாயமா, வென்றவனைத் தண்டிப்பதா என்று இரண்டு பக்கமும் நின்று வாதாடினாள். பத்து நிமிடம் நான் வாய் திறக்கவில்லை.

2021இல் ஒவ்வோர் அணியின் செலவுக்கும் 145 மில்லியன் டாலர் உச்சவரம்பு வந்தது. ஓட்டுநர்களின் சம்பளமும் மிக அதிகம் வாங்கும் மூவரின் சம்பளமும் அதில் சேராது. காரைச் செய்யும் மற்ற ஊழியர்களின் சம்பளம் சேரும். புதிதாக ஒருவரை எடுத்தால் காருக்கான காசு அந்த அளவுக்குக் குறையும். அதனால் பெரிய அணிகள் ஆட்களைக் குறைத்தன, சிலரை வேறு பணிகளுக்கு மாற்றின. இதை மறைத்து ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

இருந்தாலும் நான் வரம்பின் பக்கம்தான். வரம்பு இல்லாத காலத்தில், 2008 இறுதிக்கும் 2009 இறுதிக்கும் இடையில், ஹோண்டா, பி.எம்.டபிள்யூ, டொயோட்டா ஆகிய கார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்து இந்தப் பந்தயத்தை விட்டு விலகின. ரப்பர் தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்த நம்மவர்களுக்கு, முதலாளி கைகழுவினால் தொழிலாளி வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வரம்பை மீறினால் அடி பலமாக விழும். 2021 கணக்குக்காக ரெட் புல் அணி 7 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. காற்றுச் சுரங்கம் போன்ற காற்றியக்கச் சோதனைகளுக்கான அளவிலும் 10 விழுக்காடு பறிபோனது. ஆகவே ஓர் உதிரிபாகம் எவ்வளவு வேகம் தரும் என்பதோடு, என்ன விலை ஆகும் என்றும் கணக்குப் பார்ப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். உங்கள் மகளின் மூளை அப்படித்தான் ஓடுகிறது.

வீட்டை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். முதலில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் கைகொடுக்கட்டும். பிறகு ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா, அதன்பின் பட்டம். அணிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டாலும் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை இருக்கிறது, இதே படிப்பு அங்கே சோறு போடும்.

புதன் மாலை 5 மணிக்கு அவளை அழைத்து வாருங்கள். கூடுதல் கணித விடைத்தாளும் அந்தப் புத்தகமும் கையில் இருக்கட்டும். அண்ணனும் வரட்டும், வேலை முடிந்து வரத் தாமதமானாலும் காத்திருக்கிறேன்.