அந்த லாங் சைஸ் நோட்டைக் கொஞ்சம் பாருங்கள்

ஐயா, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். காட்டுமன்னார்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு அது போதாது. அதனால் நேராகவே எழுதுகிறேன். மகளை ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் என்ற கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்க உங்கள் மச்சான் சொல்லும் அந்த மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

உங்கள் மச்சான் சென்னையில் ஐ.டி.யில் இருக்கிறார், நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கடனைக் கட்டப்போவது அவர் இல்லை. 8 லட்சம் ரூபாய் கடனுக்கு 10.5 சதவீத வட்டி என்றால், வருஷத்துக்கு வட்டி மட்டும் 84,000. மாதம் 7,000. ஹார்டுவேர் கடையில் நாள் முழுக்க நின்று நீங்கள் சம்பாதிப்பதில் இது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அப்படிக் கடன் வாங்கிச் சேர்க்கும் படிப்பு ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கு. உங்கள் மகள் என்னிடம் தனியாகச் சொன்னது ஒரே வரிதான்: "சார், கணக்குன்னா எனக்குக் கை நடுங்குது." இதைக் கேட்ட பிறகும் அந்தச் சீட்டை வாங்கினால், அவளுடைய நாலு வருஷமும் உங்கள் பணமும் சேர்ந்தே போகும்.

"எந்நேரமும் படிக்கிறா, ஆனா பாடமும் இல்ல, கதையும் இல்ல. ஏரி, வெள்ளம், பழைய வரிக்கணக்குன்னு என்னத்தையோ படிக்கிறா" என்று நீங்கள் குறையாகச் சொன்னீர்கள். நீங்கள் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் காட்டினாள். வீராணம் ஏரிக்கு மட்டும் பதினோரு பக்கம். ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டு, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், என்ன சொல்கிறது, மற்றதோடு ஒத்துப்போகிறதா என்று எழுதியிருக்கிறாள். ஏரியின் நீளம் ஒரு நூலில் 14 கிலோமீட்டர், இன்னொன்றில் 16. ஓரத்தில் சிவப்பு மையில், "எங்கிருந்து அளந்தார்கள்?" இன்னொரு புத்தகத்தைக் காட்டினாள். அதில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல், கிடையாது. கடைசி வெற்றுப் பக்கத்தில் அவளே பென்சிலால் அகர வரிசைப்படி ஒன்று தயாரித்திருக்கிறாள். மடை, மதகு, மராமத்து என்று பக்க எண்ணோடு. இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், யாரும் சொல்லித் தராமல் இதைச் செய்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. நூலக, தகவல் அறிவியல். நான் இதைச் சொன்னதும், "புத்தகம் அடுக்கற வேலைதானே சார்" என்றீர்கள். இல்லை. எந்தச் செய்தி எங்கே இருக்கும், அதை எவ்வளவு நம்பலாம், அடுத்தவர் அதைச் சீக்கிரம் கண்டெடுக்க எப்படி வகைப்படுத்தி வைப்பது என்பதுதான் அந்தப் படிப்பு. இந்தியாவில் இதற்கு அடித்தளம் போட்டவரே உங்கள் பக்கத்து ஊர்க்காரர். கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி, எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த ஊர். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உங்கள் மகள் பென்சிலால் செய்தது அதைத்தான்.

வழியும் சிக்கலானதல்ல. முதலில் ஏதாவது ஒரு இளங்கலை. அவளுக்கு வரலாறு பிடிக்கிறது, அரசு கலைக் கல்லூரியிலேயே சேருங்கள். ஒரு செமஸ்டர் மேனேஜ்மென்ட் கட்டணத்தில் மூன்று வருஷமும் முடிந்து பணம் மிஞ்சும். அப்புறம் நூலக அறிவியலில் ஒரு வருஷ இளங்கலை, அதன் மேல் முதுகலை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே இந்தத் துறை இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். இன்னும் பெரிதாக ஆசைப்பட்டால் பெங்களூரு. ரங்கநாதன் 1962-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின்கீழ் தொடங்கிய மையத்தில் இரண்டு வருஷ முதுகலை. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் எழுத்துத் தேர்வு, நேர்முகம் வழியாகப் போகலாம். உதவித்தொகையும் தருகிறார்கள்.

சம்பளம் கேட்பீர்கள். கேந்திரிய வித்யாலயா நூலகர் வேலையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. முதுகலையோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதிய விகிதத்தில் கல்லூரி நூலகரானால் 57,700, உதவிப் பேராசிரியருக்குத் தருவதேதான். டிஎன்பிஎஸ்சி-யும் நூலகர் பணிக்குத் தேர்வு வைக்கிறது. இதில் ஒன்றை மறைக்க மாட்டேன். இடங்கள் குறைவு, அறிவிப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆனால் அந்தக் காத்திருப்பில் உங்கள் தலைமேல் 8 லட்சம் கடன் இருக்காது. பழைய ஏடுகளையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்யும் இடங்கள், பதிப்பகங்கள், பத்திரிகை ஆவணப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கை வேண்டும்.

கல்லூரி திறக்கும்வரை அவளைச் சும்மா விடாதீர்கள். இப்போது ஊர் நூலகத்தில் கிடைப்பதை மட்டும் படிக்கிறாள், அது அவளுக்குப் போதவில்லை. தமிழ் மின் நூலகம் இணையத்தில் இலவசம், நூறு வருஷத்துக்கு முந்திய புத்தகங்கள்கூட அதில் கிடைக்கும். பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்று ஒரு தளம், தமிழில் எழுதிய ஆய்வேடுகளும் அதில் உண்டு. ஆய்வேட்டை முழுக்கப் படிக்க வேண்டாம், எந்தெந்த நூல்களைப் பார்த்து எழுதினார்கள் என்று கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த குறுக்குவழி அதுதான்.

ஒருமுறை சென்னைக்கும் கூட்டிப் போங்கள். எழும்பூர் கன்னிமாரா 1896-ல் திறந்த நூலகம். நாட்டில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு படி சட்டப்படி அங்கே வர வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்த இடம் அது. அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

எழுதவும் வேண்டும். வாரம் ஒரு பக்கம், ஒரு மதகைப் பற்றியோ ஒரு கரையைப் பற்றியோ. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று அடியில் குறிக்கட்டும். நீங்கள் அதை வாங்கிப் படியுங்கள், ஐயா. வீராணத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இருக்காது. அதையும் அவள் குறித்துக்கொள்ளட்டும்.

மச்சானிடம் நான் பேசுகிறேன், நம்பரை அனுப்புங்கள். உங்கள் ஊர் அன்றிருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கு 1878-ல் வந்த கையேடு இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், அகராதி வைத்துக்கொண்டு படித்துவிடுவாள். வீராணம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அவளே தேடி, அந்தச் சிவப்பு மைக் கேள்விக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வரட்டும்.