காற்றைப் படித்தால் பிழைப்பு நடக்குமா?

கேள்வி: என் மகள் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. அடுத்து புயல்காற்றில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அது வானிலை ஆட்கள் வேலை இல்லையா? பிழைப்புக்கு ஆகுமா?
- ஒரு தாய், மண்டபம்

பதில்: புயல் எப்போது வரும் என்று சொல்வது அவர்கள் வேலை அம்மா. வந்தால் எது நிற்கும், எது பறக்கும் என்று பார்ப்பது எங்களைப் போன்ற சிவில் இன்ஜினீயர்கள் வேலை. முப்பது வருஷம் இதைத்தான் கற்பித்தேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். சின்ன வயதில், ஒரு மார்கழிப் புயலில் எங்கள் கருவாட்டுக் கொட்டகைத் தகரம் பறந்துபோனது. விடிந்து பார்த்தால் போல்ட், வாஷர் எல்லாம் சட்டத்திலேயே இருக்கின்றன. பனங்காட்டில் கிடந்த தகரத்தில் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போலக் கிழிசல். துரு என்றார் அப்பா. தகரமோ புதுசு! படிக்கப் போனபோதுதான் விடை கிடைத்தது. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரைப் புயல் அடித்தபோதும் இதே கதைதான். காற்று ஒரே சீராக இழுக்காது, தூக்கித் தூக்கி விடும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிகிற மாதிரி, போல்ட்டைச் சுற்றித் தகரம் நைந்து கிழிகிறது. அப்புறம் 1977இல் டவுன்ஸ்வில் ஊரில் இதற்கென்றே ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள்.

நம் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே 1964 தனுஷ்கோடி ரயிலைச் சொல்வார்கள். அதைக் கொண்டுபோனது கடல். காற்றுதான் கடலை ஏற்றிவிட்டது, அது வேறு கணக்கு.

சரி, பிழைப்பு. கேட் தேர்வு எழுதி எம்.டெக்.கில் ஸ்ட்ரக்சுரல், அதாவது கட்டமைப்புப் பொறியியல் எடுக்கட்டும். பிறகு பி.எச்டி. ரூர்க்கி ஐஐடியிலும் சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்.இ.ஆர்.சி.யிலும், மாதிரிக் கட்டடங்கள் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டலாம், ஒளிக்காமல் சொல்கிறேன். கல்லூரி அமையாவிட்டாலும் மின்கோபுரம், சோலார் தகடு, அடுக்குமாடி என்று காற்றுக்குக் கணக்குப் போட ஆள் தேவைப்படுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு ஆகிற சமாச்சாரம் இது, குத்துமதிப்பாகப் போட முடியாது.

வீட்டில் ஷீட் கூரை இருந்தால், ஓரத்திலும் மூலையிலும் எத்தனை போல்ட், நடுவில் எத்தனை என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். காற்று முதலில் தூக்குவது மூலையைத்தான். இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கை என்றால், என்ன செய்யலாம் என்று அவளே எனக்கு எழுதட்டும்.