கேளுங்கள், சொல்கிறேன்: பள்ளிக்கூடத்தில் சமையல் மன்றம்

கேள்வி: அக்கா, என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்ட பிறகு வாரம் ஒருநாள் சமையல் மன்றம் நடத்தப் போகிறார்களாம். சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கத்தி, நெருப்பு என்றாலே எனக்குப் பயம். மாமியாரோ, "ஆம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: தயங்காமல் சேர்த்துவிடுங்கள். மாமியாருக்குப் பதில் சொல்வது சுலபம். காவடி முடிந்து நாம் வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பிடுகிறோமே, கோயில் மடப்பள்ளியில் அந்தப் பெரிய பெரிய பாத்திரங்களைக் கிளறுகிறவர்களில் எத்தனை ஆண்கள் என்று அம்மாவிடமே கேளுங்கள். ஜப்பானில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆண், பெண் இருவருக்குமே மனையியல் பாடம் உண்டு. உங்கள் மகனுக்கும் அதே வயதுதான். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளும் 2014 செப்டம்பரிலிருந்து சமையலைக் கட்டாயப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கின்றன. நம் மொரிஷியஸ் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். தன் சாப்பாட்டைத் தானே சமைக்கத் தெரியாத பிள்ளை, நாளைக்கு வெளியே கிடைப்பதைத்தான் தின்னும்.

சரி, கத்திக்கு வருவோம். கூர் மழுங்கிய கத்திதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும், அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலில் இறங்கும். கைக்கு அடக்கமான, நன்றாக வெட்டுகிற சின்னக் கத்தி போதும். பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் பலகை நகராது. சௌசௌவோ உருளைக்கிழங்கோ, முதலில் பெரியவர் ஒருவர் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் பலகையில் படியும்படி வைத்துக் கொடுக்க வேண்டும். உருளுகிற காய்தான் ஆபத்து. காயைப் பிடிக்கிற கையில் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும், கத்தியின் பக்கவாட்டில் விரல் மூட்டு மட்டும்தான் படலாம். இதை வீட்டிலேயே இரண்டு மூன்று வாழைப்பழத்தை வைத்துப் பழக்கிவிடுங்கள். (சௌசௌவின் பால் சில பிள்ளைகளின் கையை மரத்துப்போக வைக்கும். தண்ணீருக்குள் வைத்துத் தோல் சீவச் சொல்லுங்கள்.)

நெருப்பைப் பற்றிப் பள்ளியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அடுப்பைப் பற்றவைப்பது யார்? ஒரு பெரியவருக்கு எத்தனை பிள்ளைகள்? வேர்க்கடலை, முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களா? பாத்திரத்தின் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். மன்றம் நடத்துகிறவருக்கு இவ்வளவும் தெரிந்திருந்தால் நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் சமையலறை கிடையாது. ஒரு நீள மேசை, ஒரு குழாய், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். பிள்ளைகள் கேக் செய்யலாம் என்கிறார்கள். எதில் தொடங்கலாம்?
– ஓர் ஆசிரியை, ஃப்ளாக்

பதில்: கேக்கைப் பிறந்தநாளுக்கு விட்டுவிடுங்கள், டீச்சர். பள்ளி வளாகத்தில் என்ன விற்கலாம் என்று 2009-லேயே அரசு விதி வகுத்திருக்கிறது. அதே பள்ளியில் நாமே கிரீம் தடவக் கற்றுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவதையே செய்யட்டும்.

முதலில் முருங்கைக்கீரை பூயோன், அதாவது நீர்க்க வைக்கும் கீரைச் சாறு. உங்கள் மேசையும் அடுப்பும் இதற்குத் தாராளம். சின்னப் பிள்ளைகள் காம்பிலிருந்து கீரையை உருவட்டும். இது ஆறு வயதுக் குழந்தைக்கும் வரும். ஒருவர் பூண்டு இஞ்சி தட்டட்டும், ஒருவர் வெங்காயம் நறுக்கட்டும், மூத்த பிள்ளை வதக்கட்டும். தண்ணீர் கொதித்ததும் கீரையைப் போட்டால் சில நிமிடத்தில் இறக்கிவிடலாம். தட்டில் கீரையைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற பிள்ளைகூட, தானே உருவிய கீரை என்றால் ஒரு வாய் வைத்துப் பார்க்கும். அந்த ஒரு வாய்க்காகத்தான் இந்த மன்றமே. உப்பு போடுவதற்கு முன்னும் பின்னும் எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுத்து, என்ன வித்தியாசம் என்று கேளுங்கள்.

அப்புறம் தக்காளி ருகாய் (தக்காளித் தொக்கு மாதிரி), தேங்காய்ச் சட்னி, ரசம். தால் பூரி எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் பருப்பு வெளியே வராமல் தேய்க்கக் கை பழக வேண்டும். கடைசித் தவணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடித்தால் அன்றே, சூடாகவே சாப்பிட்டு முடிக்க வேண்டும். வெயில் காலத்தில் மேசையில் கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பாத்திரம் கழுவுவதும் மேசை துடைப்பதும் பிள்ளைகள் வேலைதான். அதை ஆயாவிடம் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: மன்றத்தில் நான் வைக்கும் சோறு எப்போதும் அடிப்பிடிக்கிறது. ஏன், ஆன்ட்டி?
– ஏழாம் வகுப்பு மாணவி, த்ரியோலே

பதில்: தீ அதிகம், கண்ணு. அரிசியை நன்றாகக் கழுவி, ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வை. கொதி வந்ததும் தீயை முழுக்கக் குறைத்து, மூடி போட்டுவிடு. நடுவில் கிளறாதே, திறந்தும் பார்க்காதே. தண்ணீர் வற்றியதும் அணைத்துவிட்டு, மூடியபடியே பத்து நிமிடம் விடு. பாத்திரம் அடிகனமானதா என்றும் பார்த்துக்கொள்.